காணாமற்போன டி டிரைவ்: பழைய கணினியில் பார்ட்டிஷனை மீட்பது எப்படி?

மாரி தொடங்கிய வாரம் பெரியப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, பிரஸ் கொம்பியூட்டர்ல டி டிரைவைக் காணேல்லை. கடையில கேட்டா, டிஸ்க் முடிஞ்சுது, ஃபோமட் அடிச்சாத்தான் பாவிக்கலாம் எண்டு சொல்லுறாங்கள். அடிக்கட்டோ?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. பிளக்கைக் கழட்டிப்போட்டு அப்படியே விடுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டு உப்புவெளியிலிருந்து புறப்பட்டேன்.

பெரியப்பா திருகோணமலை டவுனில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்தியவர். கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் அடிப்பார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கல்வெட்டு. ஈழத்துக்கு வெளியே இருப்பவர்கள் கல்லில் வெட்டியது என்று நினைத்துவிடக் கூடாது. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும்போது வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை இங்கே கல்வெட்டு என்போம். முன்னால் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் வம்சாவளி. பத்து வருஷத்துக்கு மேலாக அவர் செய்த கல்வெட்டுகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளின் கோப்புகளாக அந்த வின்டோஸ் 98 பெட்டியின் டி டிரைவில் கிடந்தன. அவற்றுக்காக ஸ்கான் செய்த படங்களும் அங்கேதான். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது வீட்டு அல்பங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்த ஸ்கான்தான் மிச்சம். ஆகவே "ஃபோமட் அடிக்கட்டோ?" என்ற கேள்வி எனக்கு லேசாகப் படவில்லை.

பார்ட்டிஷன் காணாமற்போவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது, அதை எப்படித் திரும்ப எடுப்பது என்பதை அந்தப் பெட்டியை வைத்தே சொல்கிறேன். கணினிக்குள் கைவைத்துப் பழக்கமில்லாதவருக்கும் விளங்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

காணியும் உறுதியும்

ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெரிய காணி என்று வையுங்கள். அதை இரண்டு துண்டாக்கி வேலி அடைத்து, ஒன்றுக்கு சி என்றும் மற்றதற்கு டி என்றும் பெயர் வைத்திருக்கிறோம். அந்தத் துண்டுதான் பார்ட்டிஷன். எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விபரம் ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமே. காணிக்கு உறுதிப் பத்திரம் இருப்பதைப் போல டிஸ்க்குக்குப் பார்ட்டிஷன் டேபிள்.

உறுதி தொலைந்தால் கிணறு தூர்ந்துவிடுமா? வீட்டுச் சுவர் விழுந்துவிடுமா? எல்லாம் அங்கேயேதான் இருக்கும். ஆனால் பதிவகத்தில் போய்க் கேட்டால் "அப்படி ஒரு காணி எங்கள் புத்தகத்தில் இல்லை" என்பார்கள். வின்டோஸும் அப்படித்தான். டேபிளில் வரி இல்லையென்றால் டி டிரைவ் என்ற ஒன்று இருந்ததாகவே அதற்குத் தெரியாது. அந்த இடம் வெறுங்காணி என்று நினைத்து, புதிதாக வேலி போடட்டுமா என்று கேட்கும். அதற்கு ஓம் என்று சொல்வதில்தான் பெரும்பாலான தரவுகள் அழிகின்றன. டிஸ்க் பழுதாகி அழிவதைவிட இது அதிகம் என்பது இவ்வளவு காலமும் பழைய பெட்டிகளோடு மாரடித்த எனது எண்ணம்.

இந்த உறுதி இருக்கும் இடம் மிகச் சிறியது. டிஸ்க்கில் எழுதுவதும் வாசிப்பதும் செக்டர் கணக்கில். பழைய டிஸ்க்குகளில் ஒரு செக்டர் 512 பைட். டிஸ்க்கின் முதலாவது செக்டருக்கு மாஸ்டர் பூட் ரெக்கோர்ட், சுருக்கமாக எம்பிஆர், என்று பெயர். அதன் 512 பைட்டில் முதல் 446 பைட் கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலுக்கு. அடுத்த 64 பைட்தான் டேபிள். கடைசி 2 பைட் ஒரு முத்திரை. பதினாறின் அடிப்படையில் எழுதினால் 55 ஏஏ. முத்திரை இல்லாவிட்டால் அந்த செக்டரை யாரும் மதிக்கமாட்டார்கள்.

64 பைட்டில் நான்கு வரி, வரிக்கு 16 பைட். பெரியப்பாவின் டிஸ்க்கில் சி டிரைவுக்கான வரி 80 01 01 00 06 என்று தொடங்கியது. 80 என்றால் இங்கிருந்துதான் கணினி தொடங்க வேண்டும். அடுத்த மூன்றும் தொடக்க இடம்: ஹெட் 1, செக்டர் 1, சிலிண்டர் 0 (இந்த முகவரி முறை பின்னால் வரும்). 06 என்பது இந்தத் துண்டில் கோப்புகளை அடுக்கும் முறை ஃபாட்16 வகை என்பதற்கான குறி. அதன் பின்னால் முடிவிடம். பிறகு தொடக்க செக்டரின் எண், அதாவது 63. பிறகு நீளம், 4192902 செக்டர். ஒரு டிரைவின் உறுதி முழுவதும் அவ்வளவுதான், பதினாறே பைட்.

நான்கு வரி போதாது என்று பின்னால் தெரிந்தது. ஐபிஎம் 1983இல் எக்ஸ்டி கணினியை வெளியிட்டபோது அதில் இருந்தது 10 எம்பி டிஸ்க். அன்றைக்கு நான்கு துண்டு என்பதே ஆடம்பரம். டிஸ்க் பெருத்ததும் 1987இல் அந்தக் காலத்து இயங்குதளமான டொஸ்ஸின் 3.3ஆம் பதிப்பு எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பெரிய உறுதியில் "இந்தப் பாகத்தின் விபரம் தனிப் பத்திரத்தில்" என்று ஒரே ஒரு வரி. அந்தப் பாகத்தின் வாசலில் இன்னொரு சின்ன டேபிள், அதற்குள் லொஜிக்கல் டிரைவின் விபரம். இன்னொரு லொஜிக்கல் டிரைவ் இருந்தால் அது அடுத்த பத்திரத்தில். இப்படிச் சங்கிலி போலப் போகும். பெரியப்பாவின் டி டிரைவ் அப்படி ஒரு லொஜிக்கல் டிரைவ். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் உதவும்.

அளவுகோல் மாறிய கதை

பழைய கணினியில் பார்ட்டிஷன் தொலைந்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் டிஸ்க்கைப் பார்ப்பதில்லை. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பட்டரியைப் பார்ப்பேன். ஒரு ரூபாய்க் குத்தி அளவில், 3 வோல்ட், 2032 என்று எழுதியிருக்கும். கணினி அணைந்திருக்கும்போது நேரத்தையும் பயோஸ் (கணினியை எழுப்பி டிஸ்க்கை அடையாளம் காணும் அடிப்படை நிரல்) அமைப்புகளையும் ஞாபகத்தில் வைத்திருப்பது அதன் வேலை. பட்டரி செத்தால் நேரம் பின்னுக்குப் போகும். அன்றைக்குத் திரையில் 1998 ஜனவரி 1 என்று நின்றது. டிஸ்க்கைப் பற்றிய அமைப்பும் அதோடு போயிருந்தது.

பெரியப்பாவின் மகள் வழிப் பேரன் ஏ லெவல் படிக்கிறான், கெட்டிக்காரன். டிஸ்க்கைக் காணவில்லை என்று திரை சொன்னதும் பயோஸுக்குள் போய் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் பக்கத்தைத் திறந்திருக்கிறான். அங்கே மூன்று தெரிவு: நோர்மல், லார்ஜ், எல்பிஏ.

"நோர்மல் எண்டா நல்லதுதானே மாமா? அதான் குடுத்தன்" என்றான்.

அவனைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வில்லங்கம் அங்கேதான்.

பழைய கணினி டிஸ்க்கில் ஓரிடத்தைச் சொல்ல மூன்று எண்களைப் பாவிக்கும்: சிலிண்டர், ஹெட், செக்டர். எந்த வீதி, எந்த ஒழுங்கை, எத்தனையாவது வீடு என்பது போல. ஆனால் பயோஸ் கேட்கும் முறைக்கும் டிஸ்க் ஏற்கும் முறைக்கும் எல்லைகள் வேறுவேறு. இரண்டுக்கும் பொதுவாக நின்று பிடிப்பது 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பெருக்கி 512ஆல் மறுபடி பெருக்கினால் 528482304 பைட். சுமார் 528 எம்பி. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பலரையும் முட்டவைத்த சுவர் அது. அதைத் தாண்டத்தான் எல்பிஏ முறை. செக்டர்களை 0, 1, 2 என்று நேராக எண்ணுவது. பழைய நிரல்களுக்கு மட்டும் 255 ஹெட் இருப்பதாகப் பாவனை காட்டுவது. டிஸ்க்குக்குள் 255 ஹெட் கிடையாது, கழற்றிப் பார்த்தால் இரண்டோ மூன்றோ தட்டுத்தான் இருக்கும். எல்லாம் ஒரு கணக்குக்கு.

அந்தப் பாவனை எண் மாறினால் வரும் கூத்தைப் பாருங்கள். பெரியப்பாவின் டிஸ்க் 4.3 ஜிபி. நோர்மல் முறையில் அது 15 ஹெட் என்று சொல்லும். எல்பிஏ முறையில் 255. இப்போது சிலிண்டர் 10, ஹெட் 5, செக்டர் 1 என்ற முகவரிக்குப் போகச் சொன்னால், 255 ஹெட் கணக்கில் 10ஐ 255ஆல் பெருக்கி 5ஐக் கூட்டி 63ஆல் பெருக்க வேண்டும். 160965ஆவது செக்டர். அதே முகவரி 15 ஹெட் கணக்கில் 9765. முகவரி ஒன்று, போய் நிற்கும் வாசல் வேறு. ஏக்கரில் எழுதிய உறுதியைப் பேர்ச்சஸ் என்ற சின்ன அளவில் வாசித்து நிலமளந்த மாதிரி.

சி டிரைவின் தொடக்கம் மட்டும் தப்பும். சிலிண்டர் 0, ஹெட் 1 என்பது எந்தக் கணக்கில் பார்த்தாலும் 63ஆவது செக்டர்தான். அதனால் கணினி சி டிரைவின் வாசல்வரை சரியாகப் போய், உள்ளே கால் வைத்ததும் வழி தெரியாமல் "சிஸ்டம் டிஸ்க் சரியில்லை, மாற்றுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றுவிடும். பார்ப்பவர்கள் டிஸ்க் முடிந்தது என்று நினைப்பார்கள்.

ஆகவே முதல் வேலை: புதுப் பட்டரி போடுங்கள். பயோஸில் டிஸ்க்கைத் திரும்பக் கண்டுபிடிக்கச் சொல்லி எல்பிஏ கொடுங்கள். 528 எம்பியை விடப் பெரிய டிஸ்க்கென்றால் பெரும்பாலும் அதுதான் சரி, இல்லையென்றால் லார்ஜ். காணாமற்போன பார்ட்டிஷன்களில் பாதியின் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும் என்று சொல்ல ஆசை. எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் பலமுறை தீர்ந்திருக்கிறது.

அதற்கு முன்னால் கேபிளையும் ஒருமுறை கழற்றிப் பூட்டுங்கள். கடலோர ஊரில் உப்புக்காற்று எந்தப் பின்னையும் விட்டுவைப்பதில்லை. அட்டைகளின் பொன்னிறப் பல்லை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினாலே உயிர்வந்த பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன். டிஸ்க் டக், டக் என்று அடித்தால் மாத்திரம் இந்த விளையாட்டுகள் எதுவும் வேண்டாம். அது இயந்திரக் கோளாறு. பவரை நிற்பாட்டிவிட்டு, தரவு பெறுமதியானது என்றால் அதற்கென்று இருக்கும் ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பேரன் அழித்தது என்ன?

எல்பிஏ கொடுத்ததும் சி டிரைவ் வந்துவிட்டது. வின்டோஸை ஓடவிடவில்லை, அது தொடங்கும்போதே டிஸ்க்கில் எதையாவது எழுதத் தொடங்கிவிடும். கணினியைத் தொடக்கும் பூட் ஃப்ளொப்பி ஒன்றைப் போட்டு, சி டிரைவின் கோப்புப் பட்டியலை மட்டும் பார்த்தேன். எல்லாம் இருந்தது. டி டிரைவ் இன்னும் இல்லை.

பேரனைப் பக்கத்தில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மெல்ல விசாரித்தபோதுதான் மிச்சக் கதை வந்தது. நோர்மல் கொடுத்தும் கணினி எழும்பாததால் எஃப்டிஸ்க்கை ஓட்டியிருக்கிறான். டொஸ்ஸோடு வரும் பார்ட்டிஷன் நிரல் அது. டிஸ்க்கின் அளவு 470 எம்பி சொச்சம் என்று காட்டியதாம். 1024 சிலிண்டர், 15 ஹெட், 63 செக்டர், கணக்குச் சரி. "டிஸ்க் சுருங்கிட்டுது" என்று நினைத்தான். எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் இருக்கிறது, உள்ளே லொஜிக்கல் டிரைவ் எதுவும் இல்லை என்றும் காட்டியிருக்கிறது. வெறும் கோதுதானே என்று அதை அழித்துவிட்டான். திரும்ப உருவாக்குவோம் என்று போனபோதுதான் பயம் பிடித்து நிறுத்தியிருக்கிறான். அந்தப் பயத்துக்கு அவனுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

உள்ளே லொஜிக்கல் டிரைவ் இருந்தால் எஃப்டிஸ்க் எக்ஸ்டென்டட்டை அழிக்கவே விடாது. முதலில் லொஜிக்கலை அழி என்று சொல்லும். இங்கே ஏன் விட்டது? டி டிரைவின் தனிப் பத்திரம் சிலிண்டர் 261இன் தொடக்கத்தில் இருந்தது. சரியான கணக்கில் அது 4192965ஆவது செக்டர். பிழையான அளவுகோலோடு போன எஃப்டிஸ்க் 246645ஆவது செக்டரைத் திறந்து பார்த்து, அங்கே முத்திரை இல்லாததால் "ஒன்றும் இல்லை" என்று வந்துவிட்டது. பெரிய உறுதியில் இருந்த அந்த ஒரு வரி, பதினாறு பைட், சுழியமாகிவிட்டது. தனிப் பத்திரமோ, டி டிரைவின் வாசலோ, உள்ளிருந்த கோப்புகளோ தொடப்படவே இல்லை.

அவன் புதிதாக உருவாக்கியிருந்தால் கதை கொஞ்சம் சிக்கலாகியிருக்கும். எஃப்டிஸ்க் புதுப் பார்ட்டிஷனின் முதல் செக்டரில் எஃப்6 என்ற பைட்டையே திரும்பத் திரும்ப நிரப்பிவிடும். அப்போதும் மீட்கலாம், ஆனால் வாசலில் இருந்த பெயர்ப்பலகை போயிருக்கும். அதற்கு மேல் ஃபோமட்டும் அடித்திருந்தால் கோப்புகளின் இருப்பிடப் பட்டியலான ஃபாட் டேபிளும் வெறுமையாகியிருக்கும். பெரியப்பா அன்றைக்கு என்னைக் கேட்டது அந்தப் படியில் கால்வைக்கப்போகும் நேரம்.

முதலில் பிரதி

இனி மீட்பு. அவசரக்காரர்கள் நேரே டிஸ்க்கில் வேலையைத் தொடங்குவார்கள். நான் முதலில் டிஸ்க் முழுவதையும், முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை, அப்படியே ஒரு கோப்பாகப் பிரதி எடுப்பேன். இதை இமேஜ் என்போம். எல்லாப் பரிசோதனையும் பிரதியில்தான். பிழைத்தால் இன்னொரு பிரதி. இருபத்தைந்து வருஷ டிஸ்க் இன்னும் எத்தனை மணித்தியாலம் சுற்றும் என்று யாருக்குத் தெரியும்? சுற்றும் நேரத்தில் பிரதியை எடுத்துவிட வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்றி, ஜம்பர் என்ற சிறு செருகியை மாஸ்டர் நிலையில் வைத்து, பழைய டிஸ்க்குகளின் ஐடிஈ இணைப்பை யூஎஸ்பியாக்கும் அடாப்டரில் பூட்டி எனது மடிக்கணினியில் கொழுவினேன். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். தனிப் பவர் பெட்டியோடு வரும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். 1994க்கு முந்திய டிஸ்க்குகள் பலவற்றுக்கு எல்பிஏ தெரியாது. இப்படிப்பட்ட அடாப்டர்கள் அவற்றோடு பேசாது. அப்போது ஐடிஈ சொக்கட் உள்ள பழைய மேசைக்கணினி ஒன்றைத்தான் தேட வேண்டும். வின்டோஸில் கொழுவ வேண்டாம். "இந்த டிஸ்க்கை ஃபோமட் செய்யட்டுமா?" என்ற பெட்டி முன்னால் வந்து நிற்கும், யாராவது பழக்கதோஷத்தில் ஓம் அழுத்திவிடுவார்கள். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் போதும்.

பிரதி எடுக்க நான் பாவிப்பது டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். பழுதான செக்டரில் முட்டினால் அதை ஒதுக்கிவிட்டு நல்ல இடங்களை முதலில் எடுக்கும். பிறகு திரும்பி வந்து பழுதான இடங்களை முயலும். எது எடுத்தாயிற்று, எது மிச்சம் என்பதை மேப் என்ற சிறு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அன்றைக்குப் பாதியில் கரண்ட் போய்விட்டது. மழைக்காலத்தில் அது புதினமில்லை. வெளிச்சம் வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மேப் கோப்பு இல்லாமல் தொடங்காதீர்கள்.

இன்னொரு இடத்தில் எல்லாரும் வழுக்குவார்கள், நானும் ஒருகாலத்தில் வழுக்கினவன்தான். டிஸ்க்கில் 8421840 செக்டர், அதாவது 4311982080 பைட். 8 ஜிபி பென் டிரைவ் தாராளம் என்று தோன்றும். ஆனால் கடையில் வாங்கும் சிறிய பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபாட்32 வகையில் இருக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4294967295 பைட்டைத் தாண்ட முடியாது. வெறும் 17 எம்பி கூடிப்போய், பிரதி கடைசி நிமிடத்தில் நின்றுவிடும். எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் வகைக்கு மாற்றிய டிரைவிலோ, மடிக்கணினியின் சொந்த டிஸ்க்கிலோ எழுதுங்கள்.

எல்லைக்கல் தேடும் சேவயர்

பிரதி கையில் வந்தபின் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது, இலவசம், டொஸ்ஸில் ஓடும் பதிப்புக்கூட உண்டு. தோற்றத்தில் ஒன்றுமில்லை, கறுப்புத் திரை, எழுத்து, அம்புக்குறி விசைகள்.

இது செய்யும் வேலை சேவயர் வேலை. இடம்பெயர்ந்து போய்ப் பல வருஷம் கழித்து வந்தவர்களின் காணியை அளக்க வந்த சேவயரைக் கண்டிருப்பீர்கள். வேலி இல்லை, உறுதி எரிந்துபோயிற்று. மனிசன் பற்றைக்குள் இறங்கி எல்லைக்கல்லைத் தேடுவார். கல் அகப்பட்டால் அதில் எண் இருக்கும், எண்ணிலிருந்து பிளான், பிளானிலிருந்து நீளம் அகலம். டிஸ்க்கிலும் ஒவ்வொரு பார்ட்டிஷனின் முதல் செக்டரும் ஓர் எல்லைக்கல். பூட் செக்டர் என்பது அதன் பெயர். இந்தத் துண்டு ஃபாட்16ஆ, ஃபாட்32ஆ, எத்தனை செக்டர் நீளம், ஒரு டிராக்கில் எத்தனை செக்டர், எத்தனை ஹெட் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதன் கடைசியிலும் அதே 55 ஏஏ முத்திரை. டேபிளில் என்ன இருக்கிறது, இல்லை என்று டெஸ்ட்டிஸ்க் கவலைப்படாது. இப்படிப்பட்ட கற்களைத் தேடிக்கொண்டு டிஸ்க் முழுக்க நடக்கும்.

ஃபாட்32 வகையில் ஒரு நன்மை இருக்கிறது. பூட் செக்டரின் நகல் ஒன்று அந்தப் பார்ட்டிஷனின் 6ஆவது செக்டரிலும் வைக்கப்பட்டிருக்கும். முன்கல் உடைந்தாலும் கொஞ்சம் தள்ளி இன்னொரு கல். ஃபாட்16இல் அந்த வசதி இல்லை. கோப்புகளின் இருப்பிடப் பட்டியலுக்கு மட்டும் இரண்டிலும் வழக்கமாக இரண்டு பிரதி இருக்கும்.

டெஸ்ட்டிஸ்க்கைத் திறந்து இமேஜ் கோப்பைக் காட்டியதும் டேபிளின் வகையைக் கேட்டது. பழைய பீசி என்றால் இன்டெல். அடுத்த பட்டியலில் ஜியோமெட்ரி என்ற பகுதியில் ஹெட் 255, செக்டர் 63 என்று நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. இந்த இடத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். பயோஸில் பேரன் செய்த அதே பிழையை இங்கேயும் செய்யலாம். பிறகு அனலைஸ், பிறகு விரைவுத் தேடல்.

சில விநாடிகளில் இரண்டு வரி வந்தன. முதல் வரி ஃபாட்16, தொடக்கம் 0 1 1, முடிவு 260 254 63, நீளம் 4192902. இரண்டாவது ஃபாட்32, தொடக்கம் 261 1 1, முடிவு 523 254 63, நீளம் 4225032. சி டிரைவ் 260ஆவது சிலிண்டரில் முடிகிறது, டி டிரைவ் 261இல் தொடங்குகிறது. இடைவெளியும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் இல்லை. இரண்டும் ஒரே வேலியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பக்கத்துக் காணிகள். எண்கள் இப்படிப் பொருந்தினால் நெஞ்சு கொஞ்சம் இளகும்.

ஆனாலும் எண்ணை நம்பிவிடக் கூடாது. பழைய டிஸ்க்கில் பழைய காலத்துக் கற்களும் கிடக்கும். யாரோ எப்போதோ வேறு மாதிரிப் பிரித்திருந்த சுவடு. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் ஐந்தாறு பார்ட்டிஷன்களைச் சில டிஸ்க்குகளில் பார்க்கலாம். எது உண்மை என்று தெரிய வேண்டுமென்றால் வரியில் நின்று பி (P) விசையை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். பெயர்கள் ஒழுங்காக வந்தால் அது உங்கள் காணி. குப்பை எழுத்து வந்தால் வேறெவரோ நட்ட கல்.

பி அழுத்தினேன். "கல்வெட்டு" என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர், உள்ளே வருஷவாரியாக. பெரியப்பா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

இந்த இடத்தில் டேபிளைத் திரும்ப எழுதும் தெரிவும் உண்டு. இரண்டாவது வரியை லொஜிக்கல் என்று குறித்துவிட்டு எழுதச் சொன்னால், அதைச் சுற்றி எக்ஸ்டென்டட் கோதையும் டெஸ்ட்டிஸ்க்கே போட்டுவிடும். நான் முதலில் அதைச் செய்யவில்லை. எல்லாக் கோப்பையும் தெரிவுசெய்து வெளியே கொப்பி எடுத்தேன். அதன் பிறகுதான் அசல் டிஸ்க்கின் முதல் செக்டரைத் தனிக் கோப்பாகப் பத்திரப்படுத்திவிட்டு, டேபிளை எழுதினேன். பெட்டியில் பூட்டி எழுப்பியபோது டி டிரைவ் தன் இடத்தில் இருந்தது. கோப்பு மட்டும் போதும் என்றால் அசலை எழுதாமலே விட்டுவிடலாம். பெரியப்பாவுக்குப் பெட்டி ஓட வேண்டும், அதுதான் காரணம்.

வேறு விதமாகத் தொலைந்தால்

எல்லாத் தொலைவும் இவ்வளவு சாந்தமாக முடிவதில்லை. 1999 ஏப்ரல் 26இல் உலகம் முழுக்கக் கணினிகளைப் படுக்கவைத்த சிஐஎச் வைரஸ் டிஸ்க்கின் முதல் 1 எம்பியை அழித்துவிடும். பார்ட்டிஷன் டேபிள், சி டிரைவின் வாசல், இருப்பிடப் பட்டியலின் முன்பகுதி எல்லாம் போகும். டி டிரைவ் தூரத்தில் இருப்பதால் தப்பும். அன்றைக்கு முழு டிஸ்க்கும் போயிற்று என்று குப்பையில் போட்ட எத்தனையோ பேரின் டி டிரைவ் முழுசாக இருந்திருக்கும்.

"எஃப்டிஸ்க்குக்குப் பின்னால் எம்பிஆர் என்று போட்டு அடி, சரிவரும்" என்ற புத்திமதியைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தக் கட்டளை தொடக்க நிரலைத்தான் புதுப்பிக்கும். சாதாரண வேளையில் டேபிளைத் தொடாது. ஆனால் 55 ஏஏ முத்திரை இல்லாத நிலையில் டேபிளையும் சுழியமாக்கிவிடும். அதோடு, பெரிய டிஸ்க்கைப் பழைய பயோஸ் ஏற்பதற்காக முதல் செக்டரில் ஒரு இடைத்தரகர் நிரலை வைத்திருந்த பெட்டிகள் அந்தக் காலத்தில் நிறைய. அந்தத் தரகரை இந்தக் கட்டளை தூக்கி எறிந்துவிட்டால் எல்லாப் பார்ட்டிஷனும் ஒன்றாக மறைந்துவிடும். டிஸ்க்கின் வரலாறு தெரியாமல் அதை அடிக்காதீர்கள்.

ஃபோமட் அடித்து, மேலே புதிதாகவும் எழுதிவிட்டார்கள் என்றால் டெஸ்ட்டிஸ்க்கின் தம்பியான ஃபோட்டோரெக் மிச்சம். அது பெயர், ஃபோல்டர் எதையும் பார்க்காது; ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடி அள்ளும். படங்கள் ஓரளவு நன்றாக வரும். பெயருக்குப் பதிலாக எண்தான் கிடைக்கும். துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்த கோப்புகள் பாதியில் உடைந்து வரும். ஐந்நூறு பேரின் படத்தை எண்ணை மட்டும் வைத்து யாருடையது என்று அடையாளம் காண்பது பெரியப்பா வயதில் ஒருவரால்தான் முடியும்.

தமிழ்க் கோப்புக்கென்று ஒரு சங்கதி. மீட்ட கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் அடித்தது பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவை வைத்த ஏற்பாடு. செக்டருக்குள் நேரே எட்டிப் பார்த்தபோதுகூட அதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாகக் கிடந்தது. பாமினியில் அது "தமிழ்" என்ற சொல். இப்படியான கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. பேஜ்மேக்கர் பக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பழைய பெட்டிதான் தோது.

பெட்டியிலேயே திறந்தோம். பெரியப்பா முதலில் கேட்டது தன் தகப்பனாரின் கல்வெட்டு. அட்டையில் படம், அடுத்த பக்கம் தேவாரம், கடைசியில் வம்சாவளி. கிளை கிளையாகக் கோடு போட்டு அவரே வரைந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன மாமியின்ர பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு, பாரன்" என்றார். "முந்நூறு அடிச்சுக் குடுத்தம், ஒருத்தரும் சொல்லேல்லை."

மவுசைப் பிடித்து அந்த எழுத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, புள்ளிக்கு எந்த விசை என்று பேரனிடம் கேட்டார்.